தூம்பா திரும்பும் இடம்

சந்தனமாதாபுரம்,
20.02.2025

அன்புள்ள வளர்மதிக்கும், இதை முதலில் பிரித்துப் படிக்கப்போகும் மதருக்கும்,

அடைக்கலமேரி எழுதுவது. கன்னியர் மடத்தில் நீ முக்காடு போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நடக்கிறாயாம். உன் அண்ணன் ராஜேஷ் சொன்னான். மறைக்கல்வி வகுப்பில் பெஞ்சு மேல் ஏறிக் கத்தியவள் நீ, நான் எப்படி நம்புவது?

ஒரு சேதி. இந்த வருடம் பங்கின் இளையோர் தலைவி நான். கீழத்தெருவிலிருந்து ஒருத்தி அந்தப் பொறுப்புக்கு வருவது இதுதான் முதல் தடவை. புனித வாரத்துக்குப் பங்குச் சாமி ஒரு பக்க நீளத்துக்கு வேலை எழுதிக் கொடுத்துவிட்டார். குருத்தோலை வெட்டுவது, பெரிய வியாழனன்று பாதம் கழுவத் தண்ணீர், கிளைக் கிராமத்து ஜனங்களுக்குக் கஞ்சி, வெள்ளிக்கிழமை பவனியில் கூட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் கயிறு, மைக், ஜெனரேட்டர் வண்டி எல்லாம் நாங்கள்தான். இறந்த ஆண்டவரின் சொரூபத்தைக் கிடத்தித் தூக்கும் பெட்டியான தூம்பாவை மட்டும் தொடக் கூடாது. மேலத்தெரு ஆட்கள் எட்டுப் பேர் தூக்குவார்கள். எங்கள் தெரு முனையில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் வரை வந்து திரும்பிவிடுவார்கள். நாம் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். நீ அந்தப் பக்கம் நின்று பார்த்தாய், நான் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

பங்குப் பேரவையில் எழுந்து கேட்டுவிட்டேன். எட்டில் நாலு தோள் எங்களுடையதாக இருக்கட்டும், ஆண்டவர் எங்கள் தெருவுக்குள்ளும் வரட்டும் என்றேன். தூக்குகிற ஆட்களைக் குறிப்பது உன் அப்பா. "இளையோருன்னா ஒத்தாசைக்குத்தான். தோள் குடுக்க ஆளு இருக்கு. நீ வேலையப் பாரு புள்ள" என்றார். சாமி டைரியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

உன் அப்பா உன் பேச்சைக் கேட்பார். தவக்காலத்தில் உங்கள் இல்லத்துக்குள் கடிதம் வராது, வெளியேயும் போகாது என்பது தெரியும். அதற்குள் அவருக்கு நாலு வரி எழுது.

உன் சண்டைக்காரி,
அடைக்கலமேரி

*

நவகன்னியர் இல்லம், திருச்சி,
27.02.2025

இயேசுவுக்கே புகழ்!

அன்பு அடைக்கலம்,

உன் கடிதத்தைப் படித்து மதரே சிரித்துவிட்டார்கள். நீ தலைவியானதில் எனக்குக் கொள்ளை சந்தோஷம். இங்கே நாலரை மணிக்கு எழுந்திருக்கிறோம். சாப்பாட்டில் காரமே கிடையாது. உன் அம்மா செய்யும் கருவாட்டுக் குழம்பை நினைத்துக்கொண்டு ரசம் சாப்பிடுகிறேன்.

அப்பாவுக்குப் போன வருடம்தான் நெஞ்சு வலி வந்தது. இந்த வருடம் பொறுத்துக்கொள்ளேன். நீங்கள் செய்வதெல்லாம் ஆண்டவருக்குத் தெரியும். நானும் இங்கே கீழ்ப்படியக் கற்றுக்கொண்டிருக்கிறேன், அது எனக்கும் சுலபமாக இல்லை. தினமும் உனக்காக ஒரு ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

செபத்தில் உன்னை மறவாத,
வளர்மதி

*

சந்தனமாதாபுரம்,
12.04.2025

வளர்மதி,

இது ஈஸ்டருக்குப் பிறகுதான் உன் கைக்கு வரும். வரட்டும். கோபம் சூடாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பொறுத்துக்கொள் என்று எழுதியிருந்தாய். யாரிடம் சொல்கிறாய் நீ? என் தாத்தா பொறுத்தார், அப்பா பொறுத்தார். அப்பாவின் சவப்பெட்டியைக்கூடக் கோயிலின் பக்கவாசல் வழியாகத்தானே கொண்டுபோனோம்? அன்றைக்கு என் பக்கத்தில் நின்று அழுதவள் நீ. உன் செபமாலை எனக்கு வேண்டாம், நாலு வரிதான் கேட்டேன்.

நேற்று இளையோர் கூட்டம் போட்டோம். புனித வாரம் முழுக்க வேலைக்கே போக வேண்டாம் என்றாள் சக்தி. நமக்கென்று தனியாக ஒரு தூம்பா செய்துகொள்ளலாம் என்றான் அறிவழகன். இரண்டும் கூடாது என்று சொல்லிவிட்டேன். நாம் வராவிட்டால் கிளைக் கிராமத்து ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆள் இல்லை. இரண்டாவது தூம்பாவும் எனக்கு வேண்டாம். மரித்த ஆண்டவர் ஒருவர்தான், அவரில் எங்களுக்கும் பங்கு உண்டு.

என்ன செய்யப்போகிறோம் என்பது முடிவாகிவிட்டது. அதை இதில் எழுத மாட்டேன். மதர் முன்னாலேயே பிரித்துப் படித்துவிட்டுச் சாமிக்குப் போன் போட்டால் கெட்டது காரியம்.

அடைக்கலமேரி

*

சந்தனமாதாபுரம்,
ஈஸ்டர் ஞாயிறு, 20.04.2025

வளர்மதி,

வேறு யாரும் கதைகட்டிச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

கொடுத்த வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பவனியிலும் எங்கள் வேலையைத்தான் செய்தோம். எங்களுக்குத் தோள்தான் கிடையாது. முன்னால் போகும் வெளிச்சமும் மைக்கும் கயிறும் எங்கள் கையில்தானே இருக்கின்றன? டிரான்ஸ்பார்மர் கிட்டே வந்ததும் ஜெனரேட்டர் வண்டியைத் திருப்பாமல் நேரே கீழத்தெருவுக்குள் விட்டான் அறிவழகன். மைக்கைப் பிடித்திருந்த நான் பாட்டை நிறுத்தாமல் அவன் பின்னால் நடந்தேன். கயிறும் கூடவே வந்தது. கயிற்றுக்குள் இருந்த ஜனமும், மேலத்தெருப் பெண்கள் உட்பட, பாடிக்கொண்டே வந்துவிட்டது. சாமி ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் அவரும் வந்தார்.

தூம்பாவும் எட்டுப் பேரும் உன் அப்பாவும் இருட்டில் நின்றார்கள். வருவார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் வாசலெல்லாம் கோலம் போட்டு மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்தோம். "கோயிலுக்குத் திருப்புங்கடா!" என்று உன் அப்பா போட்ட சத்தம் மைக்கையும் மீறிக் கேட்டது. ஆண்டவரை வெளிச்சமில்லாமல், ஒரு பாட்டுமில்லாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை. கடைசி வீடு வரை பாடிவிட்டுத்தான் மைக்கை வைத்தேன்.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் தலைவியாக இருக்கலாம் என்கிறது பங்குப் பேரவை. "ஆண்டவரைத் திருப்பிக் கொண்டுபோனவர்கள் முதலில் எழுதட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். உன் அப்பாவுக்கு எழுதினாயா இல்லையா? பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்வேன். அதற்குமேல் உனக்கு எழுத மாட்டேன்.

அடைக்கலமேரி

*

நவகன்னியர் இல்லம், திருச்சி,
26.04.2025

அடைக்கலம்,

எழுதவில்லை. அப்பாவின் நெஞ்சு வலியெல்லாம் ஒரு சாக்கு. அவருக்குப் பயந்தேன், அவ்வளவுதான். உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் கைக்கு வந்தன. படித்துவிட்டு அவமானத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அப்பா இங்கே வந்தார். எழுத்தில் சொல்லாததை நேரில் சொன்னேன். "நீங்க செஞ்சது தப்புப்பா. அடைக்கலத்துக்கிட்ட நீங்கதான் மன்னிப்புக் கேக்கணும்." கொண்டுவந்த முறுக்குப் பையை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்தார். "அந்தப் புள்ள பக்கம் பேசுறியா? அப்ப ஒன் வார்த்தப்பாட்டுக்கு நான் வரமாட்டேன். ஒங்கம்மாவும் வரமாட்டா" என்றார். சரிப்பா என்றேன்.

மே 31, காலை பத்து மணிக்கு என் முதல் வார்த்தைப்பாடு, துறவியாக ஆண்டவருக்கு நான் வாக்குக் கொடுக்கும் நாள். எங்கள் சபையில் பெற்றோர்தான் மகளைக் கைப்பிடித்துப் பீடம் வரை கூட்டிப் போவார்கள். கூட்டிப் போகிறவர்கள் பெயரை நேற்றைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உன் அம்மா பெயரையும் உன் பெயரையும் கொடுத்துவிட்டேன். மதர் பார்த்தார்கள், யார் இவர்கள் என்று கேட்டார்கள். என் வீட்டார் என்றேன். பெயரை அடிக்கவில்லை.

நீ வந்து நாற்காலி போடக் கூடாது. யாருக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது. நல்ல சேலை கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள். நீங்கள் வராமல் நான் கோயில் வாசற்படி ஏறமாட்டேன்.

வளர்மதி