அப்பா பெயர் இருந்த பக்கம்

ராயபுரம், 12.10.2004

அன்புள்ள அம்மாவுக்கு, மேரி வணங்கி எழுதுவது. இடுப்பு வலி தேவலையா? நான் சுகம்.

இங்கே பழைய கல்லறைப் பதிவேடுகளைத் தூசி தட்டி ஸ்கேனரில் வைப்பது என் வேலை. நேற்று, துறைமுக வேலைக்கு வந்து ஊர் திரும்பாத அப்பாவின் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடச் சொன்னேன். கிடைக்கவில்லை.

"பூச்சி அரிச்சிகீது ஆயா, அதான் மெஷினு முழிக்குது. அத்த மாதிரி கீற பேரெல்லாம் கேட்டுப் பாப்போம்" என்றாள் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் யசோதரா.

முப்பது பெயர் வந்தது. ஒன்றில் நம் ஊர் மணப்பாடும், அப்பா ஊரைவிட்டுக் கிளம்பிய 1953-ம் இருந்தது. அப்பா காசிமேட்டுக் கல்லறையில்தான் இருக்கிறார், அம்மா.

அந்த இங்கிலீஷ் பக்கத்தைப் போன மாதம் நானே துடைத்து வைத்திருக்கிறேன். அஞ்சாங்கிளாஸ் படித்த எனக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை.

கல்லறைத் திருநாளுக்குத் தம்பியோடு வாருங்கள். சேலை கூடுதலாக எடுத்து வந்தால் பத்து நாள் இருக்கலாம். ஸ்கேனரைப் போட்டுவிட்டார்கள், வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்,
அடைக்கலமேரி