உங்கள் வீட்டுக்கு வந்த பங்கு

என்னைத் தோளில் சுமந்து வளர்த்த பெரியண்ணனுக்கு,

செம்மநத்தத்தில் இன்னும் மழை விடவில்லை. நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. ஒரு பொய்யைச் சொல்லி உங்களை அனுப்பிவிட்டேன்.

"குமாரு எங்கம்மா?" என்று படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எஸ்டேட் வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். உங்கள் மகன் ஜெயிலில் இருந்தான் அண்ணா. உங்கள் குழியில் முதல் மண் தள்ளியதும் அவன் இல்லை, என் மகன் செல்வம்தான்.

மான் வேட்டையாடினான் என்று கேஸ். ஆனால் குமார் வேட்டைக்கே போகவில்லை. உங்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தான். நோயாளி இருக்கிற வீட்டுக்கு முதல் பங்கு என்பது நம் வழக்கமாயிற்றே, கடமான் கறி இலையில் கட்டி உங்கள் வாசலுக்கு வந்தது. மறுநாள் பாரஸ்ட்காரர்கள் வந்து மீதிக் கறியைக் கண்டெடுத்தபோது நீங்கள் காய்ச்சலில் கண்ணே திறக்கவில்லை. யார் அடித்தது என்று கேட்டிருக்கிறார்கள். "நாங்கதானுங்க" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். கூட யார் என்றதற்கு வாய் திறக்கவில்லை.

ஜெயிலில் பார்த்தபோது, "ஏன் கண்ணு அப்படிச் சொன்னே?" என்று அழுதேன்.

"பங்கை வாங்கிட்டு நான் போகலைன்னு எப்படிங்க அத்தை சொல்றது?" என்றான். கறியில் பங்கு உண்டென்றால் பழியிலும் உண்டு என்று நாம்தானே அவனை வளர்த்தோம்?

வக்கீல் நேற்று சொன்னார்: "ஏனுங்கம்மா, ஜட்ஜய்யா நொம்ப நல்லவரு. பத்தொம்பது வயசுப் பையன், மொதத் தடவைன்னு அவருக்கும் தெரியுமுங்க. ஆனா குத்தம்னு ஆயிட்டா மூணு வருசத்துக்குக் கொறைய அவரே நெனச்சாலும் குடுக்க முடியாது. சட்டம் அப்படி."

வயதையும் பார்க்காது, வழக்கத்தையும் கேட்காது என்றால் அங்கே ஜட்ஜ் எதற்கு அண்ணா? இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எந்த மலையில் ஏறிப் பார்த்தார்கள்?

இன்று காலையும் பாரஸ்ட் ஜீப் வந்தது. என் வீட்டு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. செல்வம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், ஒரு வாய் உண்ணவில்லை. பதினெட்டு முடிந்து மூன்று மாதந்தான் ஆகிறது. துப்பாக்கி பிடித்த கை அவனுடையது. எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன், பெற்ற வயிறு.

நம் இரண்டு வீட்டில் ஒன்றுக்கு அந்த மூன்று வருடம் வந்தே தீரும்.

திங்கட்கிழமை அடிவாரம் இறங்கிக் கோர்ட்டுக்குப் போகிறேன். குமார் போகவில்லை என்பேன். பிறகு யார் போனது என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன், இது உங்கள் மேல் சத்தியம். செல்வத்திடம் இன்னும் சொல்லவில்லை. அவன் சட்டையை மட்டும் துவைத்து அடுப்புக்கு மேலே காயப் போட்டிருக்கிறேன்.

அன்று அந்த இலைப் பொட்டலத்தை உங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்த,
உங்கள் தங்கச்சி