நாலாம் நம்பர் பிரஸ்ஸின் இரண்டாவது சாவி

மனிடவோக்,
டிசம்பர் 6

அன்புள்ள ரொசெல்லாவுக்கு,

ஆல்வின் எழுதுவது. நீயும் டெல்மரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். அவன் சாப்பிடுகிறானா? நீ சாப்பிடுகிறாயா? போன் செய்தால் எடுக்க மாட்டேன், சொல்ல ஏதாவது இருந்தால் எழுது என்று நீ சொன்னது நியாயம்தான். போனில் நான் பேச்சை மாற்றிவிடுவேன் என்பது இருபத்தாறு வருடத்தில் உனக்குத் தெரியாதா என்ன.

இங்கே முழங்கால் அளவு பனி. நம் நாய் ஜிக்ஸ் கட்டிலில் நீ படுக்கிற இடத்தில்தான் படுக்கிறது, நான் கூப்பிட்டால் வாலைக்கூட ஆட்டுவதில்லை. பக்கத்து வீட்டு எட்னா மூன்று முறை நூடுல்ஸ் செய்து கொண்டுவந்து வைத்துவிட்டாள். சாவு வீட்டுக்குக் கொடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கொடுக்கிறாள், என்னால் விழுங்க முடியவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள நீ மில்வாக்கிக்குப் போயிருப்பதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை என்று எட்னாவுக்கும் தெரியும்.

சரி, பேச்சை மாற்றவில்லை. அன்று மருத்துவமனை நடையில் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த சாவிய அவனுக்குக் குடுத்தது யாரு, ஆல்வின்?" நான் "தெரியலையே, ரோ" என்றேன். தெரியும். நான்தான் கொடுத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். சொல்லி முடிக்கும் வரை கிழித்துப் போடாதே.

தகடு வெட்டுகிற நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு, ஓடும்போது கை உள்ளே போகாதபடி காப்புக் கூண்டு போட்டே ஆக வேண்டும் என்று கோடையில் அரசாங்க இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது உனக்கு நினைவிருக்கும். இரண்டு வழி இருந்தது. ஷெபாய்கன் பட்டறைக்காரர்கள் வந்து, எங்கள் பிரஸ்ஸைப் பார்த்து, அளவெடுத்து அதற்கென்றே செய்து தருவார்கள். பதினான்கு வாரம் ஆகும். இல்லையென்றால் கேட்டலாக்கைப் புரட்டி ரெடிமேட் கூண்டு ஒன்றைச் சொன்னால் ஒன்பதே நாளில் முத்திரை, சான்றிதழ் எல்லாவற்றோடும் வாசலில் வந்து இறங்கும். பராமரிப்புக்குத் தலைவன் நான். எதற்குக் கையெழுத்துப் போடுவது என்பது என் பொறுப்பு.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நாம் மூன்று பேரும் ஏரிக்கரைக் கடையில் மீன் சாப்பிடப் போனோம் இல்லையா. டெல்மர் உன் பிராந்தி கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, தட்டுக்கு அடியில் கிடந்த காகித விரிப்பை உருவித் திருப்பிப்போட்டுப் படம் வரைய ஆரம்பித்தான். "மச்சான், கேட்டலாக்ல இருக்கறது எவனோ ஒருத்தன் மிஷினுக்கு. நம்ம நாலாம் நம்பரு வெட்டுத் தகட்டை இடது பக்கமா துப்பும், அப்பப்போ மென்னுக்கிட்டு நிக்கும். அதுக்குக் கீழ சின்னதா ஒரு ஜன்னல் வேணும். கொக்கி போகணும், கை போகக் கூடாது" என்றான். ஜன்னல் எவ்வளவு பெரிசு என்று காட்ட, வலது கையை அந்தக் காகிதத்தில் விரித்து வைத்து, உன்னைப் பென்சிலால் சுற்றி வரையச் சொன்னான். நீ கிச்சுகிச்சு மூட்டி விளையாடினாய். "அக்கா, கைய ஆட்டாத, அப்புறம் ஆறு விரல் வந்துரும்" என்று கத்தினான். பரிமாறுகிற பெண்கூட நின்று சிரித்தாள்.

படம் சரியான படம், ரோ. அதைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். பதினெட்டு வருடம் அந்த பிரஸ்ஸை ஓட்டியவன் வரைந்தது.

திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போகிற வழியில், பிரஸ்ஸுகளுக்கு வெட்டு அச்சு மாற்றுகிற ஃபிரிட்ஸ் பார்த்துவிட்டான். நாலு பேர் நடுவில், "என்ன ஆல்வின், இப்போல்லாம் மச்சான் படம் போட்டா நீ கையெழுத்துப் போடுவியோ? வீட்லயும் அப்படித்தானா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காகிதத்தை மடித்துக் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் போட்டுவிட்டு, போய் கேட்டலாக்கைத் திறந்தேன்.

இவ்வளவுதான் காரணம். கேட்கவே கேவலமாக இருக்கிறது இல்லையா? அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு. ஆயிரக்கணக்கில் செய்து விற்கிறவனுக்குத் தெரியாதது டெல்மருக்குத் தெரிந்துவிடுமா, இன்ஸ்பெக்டர் கொடுத்த கெடு நெருங்குகிறதே என்றெல்லாம். ஆனால் ஷெபாய்கனுக்கு ஆர்டர் கொடுத்த காகிதத்தைக் காட்டினால் கெடுவை நீட்டித் தருகிறேன் என்று இன்ஸ்பெக்டரே என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ரெடிமேட் கூண்டு மேல் பழி போட மாட்டேன். அதே கூண்டுதான் இரண்டாம் நம்பரிலும் ஏழாம் நம்பரிலும் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. கதவில் நாக்கு மாதிரி ஒரு சாவி இருக்கும். கதவை மூடினால் அது பூட்டுக்குள் போய் உட்காரும், அப்போதுதான் பிரஸ் ஓடும். கதவைத் திறந்தால் நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் நாலாம் நம்பரில் தகடு சிக்குவது ஷிப்டுக்கு நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து, தகட்டை எடுத்து, மூடி, மறுபடி கிளப்புவதற்குள் மூன்று நிமிஷம் போய்விடும். ஜன்னல் இருந்திருந்தால் கொக்கியை விட்டு ஒரு இழுப்பு, முடிந்தது வேலை.

நவம்பரில் பால்கேன் மூடி ஆர்டர் கழுத்தைப் பிடித்தது. மான் வேட்டை சீசன் தொடங்கும் சனிக்கிழமைக்கு முன்னால் முடித்தால் வெள்ளி மத்தியானமே எல்லோரையும் விட்டுவிடுகிறேன் என்று மேனேஜர் குன்ஸ் சொல்லிவிட்டார். மான் சீசன் என்றால் நம் ஊர் ஆட்களைக் கட்டிப் பிடிக்க முடியுமா? எல்லோரும் நாலாம் நம்பரையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூண்டு வந்த பெட்டியில் பூட்டுக்கு இரண்டு சாவி இருந்தது. ஒன்று கதவில். மற்றதைப் பூட்டி வைக்கச் சொல்லி அச்சடித்திருந்த உறையோடு என் மேஜை டிராயரில் போட்டிருந்தேன். புதன்கிழமை அதை எடுத்து, ஒரு சணல் கயிற்றில் கோத்து, கதவு ஓரமாகத் தொங்கவிட்டேன். அதைப் பூட்டில் செருகிவிட்டால் கதவு திறந்தே கிடந்தாலும் மூடியிருப்பதாக நினைத்துக்கொண்டு பிரஸ் ஓடும். "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான். அப்புறம் நானே எடுத்துடுறேன்" என்றேன்.

டெல்மர் என்னைப் பார்த்தான். "மச்சான், இது நல்லால்ல. அந்த ஜன்னல் வெச்சிருந்தா இந்தக் கயிறே வேணாமே" என்றான். நான் அவன் முதுகில் தட்டி, "ஏண்டா, உனக்கு மான் வேணுமா, வேணாமா?" என்றேன். அவனும் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை பத்தே முக்கால். நான் அடுத்த கட்டிடத்தில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடினபோது அந்தச் சாவி பூட்டில் இருந்தது, கயிறு ஆடிக்கொண்டிருந்தது. மீதியை நீ மருத்துவமனையில் பார்த்துவிட்டாய். நான் எழுத வேண்டாம்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை குன்ஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். பிரஸ்ஸை ஓட்டியவரே யாருக்கும் தெரியாமல் சாவியைப் பொருத்திக்கொண்டார் என்று அதில் எழுதியிருந்தது. "இது ஒரு ஆளு பண்ணின தப்பு, ஆல்வின். கம்பெனி தப்பு இல்ல, உன் தப்பும் இல்ல. ஒரு கையெழுத்து போட்டுடு" என்றார். அதில் நான் கையெழுத்துப் போட்டால் டெல்மருக்கு வர வேண்டிய நஷ்டஈடு குறையும், கவனமில்லாதவன் என்ற பெயர் மட்டும் மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எட்டு நாள் அது என் கோட்டுப் பையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டேதான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போனேன். உன்னிடம்கூட இதை மறைத்தேன்.

போன செவ்வாய் இன்ஸ்பெக்டர் வந்தார். மருத்துவமனையில் டெல்மரிடம் வாங்கிய வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார். "சாவி தரையில கெடந்துச்சு. நானே எடுத்து மாட்டிக்கிட்டேன். யாரும் குடுக்கல." கீழே இடது கையால் போட்ட கையெழுத்து. முதல் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி கோணல்மாணலாக இருந்தது.

அவன் பொய் சொல்லியிருக்கிறான், ரோ. உன்னிடமும் அதையேதான் சொல்லியிருப்பான். எனக்காகச் சொல்லவில்லை, அவ்வளவு நல்லவனுக்குக்கூட அது முடியாது. உன் வீடு உடையக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். நான் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். படம், கேட்டலாக், கெடு, கயிறு எல்லாம். டிராயரிலிருந்த காலி உறையையும் குன்ஸ் கொடுத்த காகிதத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். நான் சொன்னதையே பதிவு செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆகவே இனி அவன் அந்தப் பொய்யைச் சுமக்க வேண்டியதில்லை, அவனிடம் சொல்லிவிடு.

குன்ஸ் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஃபிரிட்ஸ்தான் என் கருவிப் பெட்டியை வண்டிவரை தூக்கிவந்தான். "அன்னிக்கு என் வாய் சும்மா இருந்திருக்கலாம்" என்றான். வாய் உன்னுது, கையெழுத்து என்னுது என்றேன். அவன் அழுதுகொண்டே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் காலி செய்தபோது அடித்தட்டில் டெல்மர் படம் வரைந்த அந்தக் காகிதம் இருந்தது.

இப்போது நீ செய்ய வேண்டிய ஒரு காரியம். டெல்மர் நம் வீட்டு முகவரியைக் கொடுத்திருப்பான்போல, செயற்கைக் கை செய்கிறவர்களிடமிருந்து படிவம் இங்கே வந்திருக்கிறது. இரண்டு கட்டம் போட்டிருக்கிறார்கள். ஒன்று, செய்து வைத்திருக்கும் மூன்று அளவில் ஒன்று, பத்து நாளில் கிடைக்கும். இன்னொன்று, அவனுக்கென்றே அளவெடுத்துச் செய்வது, ஐந்து மாதமாகும், பல தடவை போய்வர வேண்டும். நான் எந்தக் கட்டத்திலும் பேனாவை வைக்கவில்லை. என் பேனா செய்தது போதும். ஆனால் உன் காலில் விழுந்து கேட்கிறேன், சீக்கிரம் கிடைக்கிறதே என்று அவன் பத்து நாளைப் பிடித்துக்கொள்ளப் போகிறான், விடாதே. ஐந்து மாதமானாலும் காத்திருக்கச் சொல்.

படிவத்தின் கடைசியில், பழைய கையின் அளவு ஏதாவது இருந்தால் இணைத்து அனுப்பவும் என்று ஒரு வரி இருக்கிறது. இடது கையைப் பார்த்துச் செய்யலாம் என்றால், சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து அவன் அந்தச் சுண்டுவிரலை வளைத்துக்கொண்டது உனக்குத் தெரியாததா. அதனால் அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மீன் எண்ணெய் ஒரு ஓரத்தில் ஊறியிருக்கிறது, மற்றபடி பென்சில் கோடு அழியவில்லை. நடுவிரல் பக்கம் கொஞ்சம் கோணியிருக்கும், அது நீ சிரித்த இடம். அவனுடைய வலது கை இனி இந்த ஒரு காகிதத்தில்தான் இருக்கிறது.

கடவுள் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். வீட்டுக்கு வா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அங்கேயும் பனி கொட்டுகிறது என்றார்கள். காகிதத்தைக் கோட்டுக்குள் வைத்து, நனையாமல் கொண்டுபோய்க் கொடு.

உன்,
ஆல்வின்