சன்னாசி மாமாவின் இரண்டு திரைகள்

19 ஜூன், வியாழன்

சங்கத்துக்கான செயலி ஒருவழியாக இன்று முடிந்தது. அப்பா கேட்டார் என்பதற்காகச் செய்தது. ராவாங் ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன் என்றால், இந்த வீட்டில் அதற்கு நான் சும்மா இருக்கிறேன் என்று பொருள்.

மரண உதவிச் சங்கம். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் தொடங்கியது. எல்லாரும் கோல சிலாங்கூர் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும் கலையவில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம், நாற்காலி, டீ அண்டா எல்லாம் லோரியில் போய் இறங்கும். அப்பாதான் செயலாளர். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதிய முன்னாள் கிராணி, பட்டியல் என்றால் யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

செயலியில் ஒருவர் பெயரைத் தொட்டு ‘காலமானார்’ என்று அமுக்கினால் எல்லாருக்கும் செய்தி போகும். ஆனால் அந்த ஆள் ‘முதலில் சொல்ல வேண்டியவர்’ என்று யாரை எழுதிக் கொடுத்தாரோ, அவருக்குத்தான் முதலில் போகும். இதற்கு மட்டும் மூன்று கூட்டம் போட்டார்கள். சாவு சொல்வதில் வரிசை தவறினால் ஆயுசுக்கும் பேசாத ஆட்கள் இவர்கள்.

வேறெங்கும் போக வேண்டாம், இரண்டு வீடு தள்ளி இருக்கிற சன்னாசி மாமா போதும். எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர், தனிக்கட்டை, தினமும் சாயங்காலக் கோப்பி எங்கள் வீட்டில். பதினோரு வருஷத்துக்கு முன் அவருடைய அம்மா இறந்தபோது ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, கலும்பாங்கில் இருக்கிற தங்கச்சி வேலம்மாவுக்குக் கடைசியாகப் போன் போட்டிருக்கிறார். அந்த அம்மாள் அதற்குள் மார்க்கெட்டில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது வேலம்மாவின் மகள் புஷ்பாவுக்கு ஜூலை ஆறில் கல்யாணம். தாய்மாமன் இவர் ஒருத்தர்தான். பத்திரிகை வரவில்லை.

“வரலேன்னா போகுது லா, எனக்கு முட்டி வலி” என்றார் இன்று. யாரும் கேட்கவில்லை.

22 ஜூன், ஞாயிறு

கோயில் மண்டபத்தில் செயலியைச் சோதித்துக் காட்டினேன். ‘காலமானார்’ பொத்தானை அமுக்க ஒரு பெயர் வேண்டும். அங்கேதான் சிக்கல். தலைவர் காளியண்ணன், “என் பேர்ல வேணாம், அடுத்த மாசம் பேரனுக்கு மொட்டை” என்றார். லோரிக்காரர் சோமு, “வண்டி ஓட்டுறவன் மா நான்” என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். சரி, சும்மா ஒரு கற்பனைப் பெயர் போடலாம் என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“சங்கத்துல இல்லாத ஆள எப்படிச் சாகடிக்கிறது? முதல்ல உறுப்பினரா சேர்க்கணும். அதுக்குத் தீர்மானம் போடணும்.”

பிஸ்கட்டைக் கோப்பியில் நனைத்துக்கொண்டிருந்த சன்னாசி மாமாதான் முடித்து வைத்தார். “என் பேர்ல அமுக்கு லா. நான் என்ன செத்தா போயிடப் போறேன்.”

நாலு மணி பத்து நிமிடத்துக்கு அமுக்கினேன். எல்லார் போனும் ஒரே நேரத்தில் மணியடித்தது. கை தட்டினார்கள், மாமாவும் தட்டினார். உடனே உள்ளே போய் ‘இருக்கிறார்’ என்று திருத்திவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தேன்.

23 ஜூன், திங்கள்

காலை ஏழு மணிக்குச் சன்னாசி மாமா வீட்டு வாசலில் கூடாரம்.

மாமா வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்து ஒரு கம்பத்தைப் பிடித்து உதவியும் செய்திருக்கிறார். பிறகுதான் கேட்டிருக்கிறார், யார் வீட்டுக்கு என்று. “உங்களுக்குத்தான் அண்ணே” என்றாராம் சோமு, பட்டியலைக் காட்டி. சோமு நேற்று மண்டபத்தில் இருந்த அதே சோமு. அவர் போனில் காலமானார் என்று இருக்கிறது, அதனால் லோரியை எடுத்தார், அவருக்கு அவ்வளவுதான்.

பத்து மணிக்குள் நாற்பது பேர். மாமாவே டீ ஆற்றிக் கொடுத்தார். சீனக் கடைக்காரர் மலர் வளையம் அனுப்பினார். “நல்ல பூ” என்று அதை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

நான் திருத்தினேனே. திருத்தினேன்தானே?

திருத்தியிருக்கிறேன். மாமா பெயரைத் தொட்டு உள்ளே போனால் ‘இருக்கிறார்’ என்று இருக்கிறது. வெளியே வந்தால் பட்டியலில் ‘காலமானார்’. ஒரே போனில் உள் திரையில் உயிர், வெளித் திரையில் சாவு.

24 ஜூன், செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பாவுக்கு விளக்கியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். செயலிக்குள் மாடல் என்பது கிராணி ஆபீசில் இருக்கும் பேரேடு. திரை என்பது காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்கும் ஜனங்கள் காதில் விழுவது. நடுவில் நிற்கிற கண்ட்ரோலர்தான் மண்டோர், அதாவது கங்காணி. பேரேட்டில் இருப்பதைப் பார்த்துக் கூப்பிடுகிறவர். என் மண்டோர் ஒருமுறை பட்டியலைப் பார்த்து எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார், எஸ்டேட்டுக்குள் போன் லைன் கிடைக்காது என்பதால். பேரேடு மாறினால் அவருக்குச் சொல்ல வேண்டும். யாராவது காலமானால் சொல்லும்படி எழுதியிருந்தேன். திரும்பி வந்தால் சொல்லும்படி எழுதவில்லை. செத்தவர் திரும்பி வருவார் என்று யாரால் கோட் எழுத முடியும்?

“அப்ப மண்டோரே அடிக்கடி ஆபீசுக்கு வந்து கேட்டுக்கலாமே” என்றார் அப்பா.

“நிமிஷத்துக்கு ஒரு தடவ வந்து ‘சன்னாசி இருக்காரா, சன்னாசி இருக்காரா’ன்னு கேட்டா நீங்க விடுவீங்களா? அது போன் பேட்டரியையும் குடிச்சிடும்.”

யோசித்தார். “விடமாட்டேன். மாத்தி எழுதினவன்தான் கூப்பிட்டுச் சொல்லணும்.”

அதேதான். ஆனால் மாற்றி எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும் ‘மறக்காமல் சொல்’ என்று எழுதினால் ஓர் இடத்தில் மறப்பேன். மறந்தேன். பேரேட்டிலேயே மணியைக் கட்டிவிட வேண்டும்: யார் மாற்றினாலும், எந்தப் பக்கம் மாற்றினாலும், தானாக அடிக்கிற மாதிரி. ஆறே வரி. எழுதி, ஆப் ஸ்டோர் பரிசீலனைக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

இதற்கிடையில் தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “பட்டியல்ல என்ன இருக்கோ அதான் கணக்கு. பட்டியல் மாறுற வரைக்கும் கூடாரத்தைப் பிரிக்க முடியாது.” எதிரே சன்னாசி மாமா உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நிழல் பிடித்துவிட்டது.

25 ஜூன், புதன்

சிரித்ததெல்லாம் போதும்.

கலும்பாங்கிலிருந்து புஷ்பா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலு பத்துக்கு அவள் அம்மா போனுக்குச் செய்தி போயிருக்கிறது, ‘உறுப்பினர் சன்னாசி காலமானார்’ என்று. வேலம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. இரண்டு முறை காரில் ஏறி இரண்டு முறையும் இறங்கியிருக்கிறார், எந்த முகத்தோடு போவது என்று. மாப்பிள்ளை வீட்டார் சுங்கை பெசார்க்காரர்கள். தாய்மாமன் செத்துப் பதினாறு நாள் கழியாமல் தாலி கட்ட முடியாது என்கிறார்களாம். பதினாறு ஜூலை ஏழில் வருகிறது, கல்யாணம் ஆறில். அதை விட்டால் ஆடி. மண்டபம் அப்புறம் கார்த்திகையில்தான் கிடைக்குமாம்.

“ஒருத்தர் வாசல்ல கூடாரம் போட்டிருக்குன்னு சொல்றாரு. இன்னொருத்தர் அவர் கையால டீ குடிச்சேன்னு சொல்றாரு. எது உண்மைக்கா?”

“ரெண்டும் உண்மைதான்” என்றேன்.

உயிரோடு இருக்கிறார் என்று சத்தியம் செய்தேன். கல்யாணத்துக்காகப் பொய் சொல்கிறோம் என்று வேலம்மா பின்னாலிருந்து சொன்னது கேட்டது. பிறகு புஷ்பா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்கறாங்க. அவங்க நம்பர் உங்க சங்கத்துக்கு எப்படித் தெரியும்?”

எனக்கும் தெரியவில்லை. பெயர், நம்பர் எல்லாம் செயலியில் ஏற்றியது அப்பா.

26 ஜூன், வியாழன்

பரிசீலனையில்.

27 ஜூன், வெள்ளி

பரிசீலனையில். காலையில் நிர்வாகக் கூட்டம். ஏதோ தீர்மானத்துக்குச் சன்னாசி மாமாவும் கை தூக்கினார், அப்பா அந்தக் கையை எண்ணவில்லை. “பட்டியல்ல...” என்று இழுத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மாமாவிடம் போனை நீட்டி, தங்கச்சியிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கெஞ்சினேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “போன்ல சொல்லித்தான் அன்னிக்கு எல்லாம் கெட்டுப்போச்சு. போன்ல சொல்ல மாட்டேன்.” அப்படியென்றால் நேரில் வாருங்கள் என்றேன். “பத்திரிகை வைக்காத வீட்டுக்கு எப்படிமா போறது?”

கோபம் தலைக்கேறி வீட்டுக்கு வந்து அப்பாவின் இரும்பு அலமாரியைத் திறந்தேன். வேலம்மா கேட்ட கேள்விக்காவது பதில் வேண்டும். சங்கத்தின் பழைய விண்ணப்பத் தாள்கள். சன்னாசி மாமாவுடையது, ஒன்பது வருஷத்துக்கு முந்தியது.

‘முதலில் சொல்ல வேண்டியவர்: தங்கச்சி வேலம்மா, கலும்பாங்.’

நம்பர் ஒருமுறை அடித்து வேறு எழுதியிருக்கிறது. அதையும் அடித்து இன்னொன்று. மொத்தம் மூன்று நம்பர், ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் மாமாவின் கோணல் கையெழுத்து.

“அந்தம்மா நம்பர் மாத்தினா எங்கேயாவது விசாரிச்சு, வாங்கிட்டு வந்து திருத்திட்டுப் போவாரு” என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலை தூக்காமல். இத்தனை நாள் சொல்லவேயில்லையே அப்பா என்றேன். நீ கேட்கவேயில்லையே என்றார்.

28 ஜூன், சனி

காலையிலேயே கூடாரத்துக்குப் போனேன். என் குரல் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

“மாமா, அது இப்ப கல்யாண வீடு இல்ல. உங்க எழவு வீடு. எழவுக்கு யாரும் பத்திரிகை வைக்க மாட்டாங்க. தெரிஞ்ச உடனே போகணும்.”

மாமா உள்ளே போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

பெஸ்தாரி ஜெயா வழியாக ஒன்றரை மணி நேரம். கோல குபு தாண்டியதும் மாமா, “வெறுங்கையோட போறது சரியில்ல” என்று ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி ரொட்டி வாங்கினார். சாவு வீட்டுக்கு வாங்குகிற மாதிரி, பால்டின்னும் சேர்த்து. தன் சாவுக்குத் தானே.

வேலம்மாதான் கதவைத் திறந்தார். கத்துவார், மயங்குவார் என்று நான் பின்னால் தயாராக நின்றேன். அப்படி எதுவும் இல்லை. கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றபடியே மேலும் கீழும் பார்த்தார்.

“எப்ப செத்தே?”

“ஞாயித்துக்கெழம. நாலு மணிக்கு.”

“எனக்கு எப்பச் சொன்னாங்க?”

“நாலு மணிக்குத்தான். உனக்குத்தான் முதல்ல.”

நான் தாளைக் கம்பி வழியாக நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார். அடித்திருந்த நம்பர்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக, “இது கறிச்சட்டியில விழுந்து கெட்டுப்போன போன்”, “இது புஷ்பா படிக்கறப்ப எடுத்தது” என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு அழுதார். அழுதுகொண்டே திட்டினார், பதினோரு வருஷத்துத் திட்டு, ஊர்ப்பட்ட திட்டு. மாமா ரொட்டியைப் பிடித்தபடி நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

“பால்டின் எதுக்கு?” என்று கடைசியில் வேலம்மா கேட்டார்.

“சாவு வீடுன்னு சொன்னா இந்தப் பொண்ணு.”

கதவு திறந்தது.

29 ஜூன், ஞாயிறு

மாமா கலும்பாங்கிலேயே தங்கிவிட்டார். சுங்கை பெசாரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் சித்தப்பாவும் நேரில் பார்க்க வந்தார்களாம். ஒருவர் கையில் போன், யாரோ அனுப்பிவிட்ட செய்தியில் இன்னும் ‘காலமானார்’. மாமா அவர்கள் எதிரில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுக் காட்டியிருக்கிறார். மூன்றாவது தட்டுக்கு, “போதும் சம்பந்தி, நம்புறோம்” என்றுவிட்டார்கள். புஷ்பா போனில் சிரித்துச் சிரித்து அழுதாள். கல்யாணம் ஆறாம் தேதியேதான்.

2 ஜூலை, புதன்

அனுமதி வந்துவிட்டது. பதினொன்றரைக்குத் தாமான் முழுக்கப் போன்கள் மணியடித்தன: ‘உறுப்பினர் சன்னாசி இருக்கிறார்.’ தலைவர் தம் பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டு, கூடாரத்தைப் பிரிக்க லோரி அனுப்பினார். வாழ்த்துச் சொல்ல நாலு பேர் போயிருக்கிறார்கள். வீடு பூட்டியிருந்ததாம்.

6 ஜூலை, ஞாயிறு

மாமா வேட்டி கட்டி நான் பார்த்ததில்லை. மேடையில் ஏறிப் புஷ்பாவுக்குத் தாய்மாமன் மாலை போட்டார். சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் அவரை உற்றுப் பார்த்து, “இவர் போன மாசம் தவறிட்டாருன்னு சொன்னாங்களே” என்றார். ஆமாம், என்னால்தான் என்றேன். வடை நன்றாக இருந்தது.

16 ஜூலை, புதன்

சாயங்காலம் சன்னாசி மாமா வந்தார். கோப்பி குடித்தார், முட்டி வலியைப் பற்றிப் பேசினார், பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். மருமகப்பிள்ளை வேலம்மாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். நம்பர் மாறிவிட்டது, திருத்த வேண்டும்.

“இத எங்க விசாரிச்சு வாங்கினீங்க?” என்றேன், தாளை எடுத்துக்கொண்டே.

“அவளே கூப்பிட்டுச் சொன்னா” என்றார்.

தாளில் மூன்றாவது நம்பரை அடித்து நாலாவதை எழுதினேன், அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு செயலியிலும் மாற்றினேன். மேசையில் கிடந்த அப்பாவின் போனில் பட்டியல் தானாகவே மாறியது.