அக்கா கை தூக்கவில்லை

மார்ச் 4
லாரி நிறுத்துமிடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுத்தான் இன்றும் என் பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தேன். ஒரு லாரிக்காரர் கோட்டின் மேலேயே வண்டியைத் திருப்பினார். தடை தாண்டும் பெண் ஒருத்தி குழியில் கால் மடங்கி விழுந்தாள். நல்லவேளை, வீக்கம்தான்.
நாளை மறுநாள் நகராட்சி மன்றத்தில் ஓட்டெடுப்பு. இதே இடத்தில் தடகள அரங்கம். அக்கா உறுப்பினர் ஆனதே இதற்காகத்தான். மூன்று நகராட்சித் தலைவர்கள் வந்து போய்விட்டார்கள். எல்லோரும் படம் காட்டினார்கள், ஒருவரும் செங்கல் வைக்கவில்லை. "இந்தத் தடவை முடிஞ்சுடும்டி" என்கிறாள்.

மார்ச் 6
அரங்கத் தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தேன். அக்கா கை தூக்கவில்லை.
அக்காவா? ஏன்?

மார்ச் 7
அக்கா வீட்டுக்குப் போனபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
"கடைசி நேரத்துல இடத்தை மாத்திட்டாங்க. ஊருக்கு வெளிய, நெடுஞ்சாலை தாண்டி. பஸ்ஸே கிடையாது. உன் பிள்ளைங்க எப்படிப் போவாங்க?"
"முதல்ல கட்டட்டும்க்கா. பஸ் அப்புறம் வரும்."
"எதுவும் அப்புறம் வராதுடி. உள்ள உக்காந்து பாத்தவ சொல்றேன்."
"என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"
"சொன்னா நீ அழுவே. நான் கை தூக்கிடுவேன்."
இது என்ன பதில்? இவளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா? இரண்டும் செய்யாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 19
தலைவரின் உதவியாளர் போன் செய்தார். மறு ஓட்டெடுப்பில் அக்காவின் மனதை மாற்றினால் புது அரங்கத்தில் நான்தான் தலைமைப் பயிற்சியாளராம். "யோசிச்சு சொல்லுங்க மேடம்."
உடனே முடியாது என்றிருக்க வேண்டாமா? யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 22
மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர், "நல்ல முடிவு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நல்ல பதவியும்கூட" என்றார். இவரை வைத்துக்கொண்டு நான் எப்படித் தெளிவது!

அக்டோபர் 11
தேர்தல் முடிவு. அக்கா தோற்றுவிட்டாள். 'அரங்கத்தைத் தடுத்தவர்' என்று சுவருக்குச் சுவர் எழுதியிருந்தார்கள். என்னிடம் ஓடும் பெண்களின் அம்மாக்களே அவளைக் கண்டு முகம் திருப்பினார்கள்.
ஆறுதல் சொல்ல போன் எடுத்தேன். "சாப்பிட்டியா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

ஜூன் 2
புதுத் தலைவர் அடிக்கல் நாட்டினார். எங்கே? எங்கள் லாரி நிறுத்துமிடத்தில்! அன்று ஊருக்கு வெளியே கட்டக் கை தூக்கிய அதே மனிதர். "எத்தனையோ நாள் கனவு கண்டேன்" என்று மேடையில் தழுதழுத்தார். பெண்கள் துள்ளிக் குதித்தார்கள். நானும் கைதட்டினேன். அக்காவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.
சந்தோஷமா, எரிச்சலா? எதையென்று எழுதுவது?

பிப்ரவரி 17
அரங்கம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. காலையில் அக்கா வந்தாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம்.
"மெத்துனு இருக்குடி" என்று ஓடுதளத்தைக் காலால் அழுத்திப் பார்த்தாள்.
புதிதாகச் சேர்ந்தவள் ஒருத்தி, "இவங்க யாரு மேடம்?" என்றாள்.
எங்கே ஆரம்பிப்பது? "என் அக்கா" என்றேன்.
அடுத்த சுற்றில் அந்தப் பெண்ணே பின்னாலிருந்து வேகமாக வந்து, "ஓரமா போங்கம்மா!" என்று கத்தினாள். அக்கா சட்டென்று ஒதுங்கி வழிவிட்டாள். அந்தப் பெண் வளைவு தாண்டும்வரை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.