நல்ல காலில் கட்டிய பெல்ட்

என் அன்புச் சரசு,

இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, புள்ள.

இடது முட்டியை மாற்றி ஐந்து வாரம் ஆகிறது. ஆபரேஷனுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகிற ஊசிதான் போட்டார்கள், விழித்துக்கொண்டே கிடந்தேன். அதனால்தான் சம்மதித்தேன். முழு மயக்கம் என்றிருந்தால் எழுந்து ஓடியே வந்திருப்பேன்.

வீட்டில் செய்கிற பயிற்சியெல்லாம் செல்போன் வழியாக. முட்டியில் ஒரு பெல்ட் கட்டிக்கொள்ள வேண்டும். கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று சேலத்தில் இருக்கும் பிசியோதெரபிப் பெண்ணுக்கு அது சொல்லிவிடும். வெள்ளிக்கிழமைதோறும் அவள் வீடியோவில் வந்து விசாரிப்பாள், அப்போது என் முகம்தான் அவளுக்குத் தெரியும். போனை உன் படத்துக்குக் கீழேதான் நம் மகன் செந்தில் சாய்த்து வைத்திருக்கிறான். தினமும் உன் முகத்துக்கு நேராகக் காலை நீட்டுகிறேன், கோவித்துக்கொள்ளாதே.

மடக்கினால் உயிர் போகிறது. நாமக்கல்லில் நாற்பது வருஷம் லாரிக்குப் பாடி கட்டி, இரும்பை வளைத்தவனுக்கு இந்த ஒரு முட்டி வளையவில்லை. இரண்டாவது வாரம் வலி பொறுக்காமல் பெல்ட்டை வலது காலில் கட்டினேன். ஒரே ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தேன். "அப்பா, நூறு தாண்டிருச்சுங்க, இப்படியே பண்ணுங்க" என்றாள் அந்தப் பெண். செந்தில் அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தான். அப்புறம் எப்படி மாற்றிக் கட்டுவது?

போன வெள்ளிக்கிழமை என்னை எழுந்து நடந்து காட்டச் சொன்னாள். கால் மடங்காமல் கட்டை மாதிரி வந்தது. இன்னொரு தரம் நடக்கச் சொன்னாள்.

"பெல்ட்ட ஆபரேஷன் பண்ணுன கால்லதானுங்க கட்டுறீங்க?"

"ஆமா சாமி" என்றேன்.

"இன்னும் ரெண்டு வாரத்துல மடங்கலைன்னா, டாக்டர் முழு மயக்கம் குடுத்துத்தான் மடக்க வேண்டி வருமுங்கப்பா."

பக்கத்தில் நின்ற செந்தில், "பயப்படாதீங்கப்பா, கையெழுத்து நான் போடுறனுங்க" என்றான்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நீ கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது, "காபி குடிச்சுட்டு வாங்க, அதுக்குள்ள வந்துருவேன்" என்றாயே. குடித்துவிட்டு வந்தேன். அந்த முழு மயக்கத்திலிருந்து நீ கண் விழிக்கவே இல்லை. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவன் நான். அன்றைக்கு நான் போடாமல் இருந்திருந்தால்?

இன்று காலை பெல்ட்டை இடது காலில் கட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கியும் அறுபத்தெட்டுதான் வந்தது. வெள்ளி வரைக்கும் காத்திருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நாளைல இருந்து தெனமும் வீடியோல வாரேனுங்கப்பா" என்றாள்.

"மடங்கீருமா சாமி?" என்று கேட்டேன்.

"பாக்கலாமுங்கப்பா."

அவ்வளவுதான் சொன்னாள்.

உன் படத்துக்கு முன்னால் சொல்கிறேன், சரசு. எவ்வளவு வலித்தாலும் தினமும் மடக்குவேன். அப்படியும் மடங்காவிட்டால், அந்தச் சம்மதக் காகிதத்தில் நானே கையெழுத்துப் போடுவேன். நம் பிள்ளை கையில் அந்தப் பேனாவைக் கொடுக்க மாட்டேன்.

நீ சொன்னாயென்று காபி குடிக்கப் போன,
உன் ஊட்டுக்காரன்.