முனியாண்டிக்கு எதிரே கட்டிய கக்கூஸ்

புக்கிட் பெலிம்பிங்
14.3.1986

அன்பு மகள் புஷ்பவள்ளிக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, எனக்கு மண்டைக்கொதிப்பு மட்டும் உண்டு. இங்கிலாந்துக் குளிரில் நீ நலமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே போட்ட கச்சான் கடலை நன்றாகக் காய் பிடித்திருக்கிறது, ஆனால் வழக்கமாக வாங்கும் கிள்ளான் மொத்த வியாபாரி தவுக்கே இந்த முறை சட்டம் போட்டுவிட்டார். ஆட்கள் கொல்லையில் ஒதுங்கக்கூடாது, கக்கூஸ் வேண்டும், சவர்க்காரம் போட்டுக் கை கழுவித்தான் காய் ஆய வேண்டும், இல்லையென்றால் ஒரு மூட்டைகூட எடுக்கமாட்டாராம். அவர் எடுக்காவிட்டால் அத்தனையையும் நாங்களே அவித்துத் தின்ன வேண்டியதுதான். நீ லீவில் வந்தபோது நர்சு வேலையில் முழங்கை வரை கழுவுவதைக் காட்டினாயே, அன்றைக்குச் சிரித்த நான் இன்றைக்கு அதையே ஆட்களுக்குக் காட்டினேன். கக்கூஸும் கட்டினேன். ஆறாவது வரை படித்த மூளை அல்லவா, குழாய் இருக்கும் இடமே வசதி என்று கொல்லை ஓரத்து முனியாண்டி கோயிலுக்கு நேர் எதிரே கட்டிவிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

தவுக்கேயின் ஆள் சோமு வந்து கதவைத் திறந்து பார்த்தால் சவர்க்காரத்தின் காகிதம்கூடப் பிரியவில்லை, வாய்க்கால் பக்கம் போகும் பாதை மட்டும் பளபளவென்று தேய்ந்து கிடக்கிறது. இரண்டு வாரம் கழித்து வருவேன், அப்போதும் இப்படி இருந்தால் கச்சான் வேண்டாம் என்று போய்விட்டார். நான் தொண்டை கட்டும் வரை கத்தினேன். காய் ஆயும் சின்னம்மா நிதானமாகக் கேட்டாள்: "முனியாண்டி அய்யா பாத்துக்கிட்டு இருக்கையில எப்புடிண்ணே கதவத் தொறந்துக்கிட்டுப் போறது? நீங்க மொதல்ல போங்க, பின்னால வர்றோம்." நானும் வீராப்பாகப் போய்க் கதவில் கை வைத்தேன், முனியாண்டியின் மீசையைப் பார்த்தேன், திரும்பி வந்துவிட்டேன். இது இப்படித்தான் ஆகும் என்று உன் அம்மாவுக்கு முதலிலேயே தெரியுமாம், நான் கேட்கவில்லையாம்.

பிறகு சுவரை இடித்துக் கதவைச் செம்பனைப் பக்கம் திருப்பினேன். நேற்று சோமு வந்தார். வாய்க்கால் பாதையில் புல், சவர்க்காரம் பாதி கரைந்திருக்கிறது. திங்கட்கிழமை லோரி வரும் என்று சொல்லிவிட்டு, கோயில் படியில் பிரிக்காமல் இருந்த புதுச் சவர்க்காரத்தைக் காட்டி இது யாருக்கு என்று கேட்டார். சின்னம்மா வைத்ததாம். "எல்லாருக்கும் குடுத்துட்டு அய்யாவ மட்டும் விட்டா கோவிச்சுக்குவாரு லா" என்கிறாள். அதை எடுக்க இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை, எனக்கும்தான்.

கை கழுவிக் கழுவித் தோல் வெடித்தால் எண்ணெய் தடவிக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். தீபாவளிக்கு வருவாயா என்று மறக்காமல் எழுது. வந்தால் கக்கூஸ் கதவு எந்தப் பக்கம் என்று யாரிடமும் கேட்காதே, ஊரே சிரிக்கும்.

உன் அப்பா
அப்பளசாமி